மாமாவின் நாலு ஸ்க்ரூ

மருமகளாக அவள் அந்த வீட்டுக்குள் கால் வைத்த முதல் நாளே, மாமனார் தன் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதப் பாரும்மா."

"முதுகெலும்புல ஆணியா மாமா?"

"ஆணி செருப்புக்கு அடிக்கிறது. இது ஸ்க்ரூ. டைட்டானியம். எண்ணு."

எண்ணினாள். "நாலு."

"நாலு" என்றார் அவரும், நாலு பிள்ளைகளைக் கரையேற்றியவர் போல.

சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "அவ டீயக் குடிக்கட்டும். ஸ்க்ரூ எங்கயும் ஓடிப்போயிடாது."

தெருவில் மாமாவுக்கு டைட்டானியம் என்றே பெயர். அது கேலி என்று அவருக்கு உறைக்கவில்லை. பட்டம் என்று நினைத்துக்கொண்டார். கிடங்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் மூட்டை தூக்குவதை உட்கார்ந்து பார்த்தே முதுகைக் கெடுத்துக்கொண்டவர். நழுவிய எலும்பை ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து நிறுத்திய டாக்டர், "மூணு மாசம் எடை தூக்காதீங்க, அப்புறம் எல்லா வேலையும் செய்யலாம்" என்றாராம். மாமா அதில் 'எடை தூக்காதீங்க' என்பதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை. கேஸ் சிலிண்டர், தண்ணீர் வாளி, அரிசி மூட்டை எல்லாம் அத்தையின் இடுப்புக்கு வந்தன. "பாத்து, கதவு நெல இடிக்கப்போகுது" என்று சோபாவிலிருந்து மேற்பார்வை மட்டும் தவறாமல் நடந்தது.

மருமகள் வருவதற்குள்ளேயே அத்தையின் இடுப்பு போயிருந்தது. பிறகு ஒரு கால் மரத்து, செருப்பு கழன்றுபோவதுகூடத் தெரியாமல் நடந்தார். ஸ்கேன் அறிக்கை ஆங்கிலத்தில் இருந்ததால் மருமகள்தான் படித்து, டாக்டர் சொன்னதையும் விளக்கினாள். மூன்று எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தள்ளிப்போட்டால் கால் விளங்காமல் போகும்.

"எத்தனை ஸ்க்ரூ?"

"ஆறு மாமா."

அவர் முகம் சுருங்கியது. "ஆறெல்லாம் இருக்காது. அந்த டாக்டருக்கு என்ன தெரியும்? வேற ஆளப் பாப்போம்."

அடுத்தவரும் ஆறு என்றார். இன்னொருவரைப் பார்க்கலாம் என்றார் மாமா. அதற்குள் அத்தை சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார்.

"உங்க மாமா என் முதுக ஏலம் விடுறாரு" என்றார் அத்தை. "நாலுக்குக் கீழ யாராச்சும் கேட்டாத்தான் குடுப்பாரு."

மருமகள் மாமாவைக் கேட்காமலே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினாள்.

ஆபரேஷன் அன்று அத்தையை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும், மாமா கண்ணைத் துடைத்தபடி அவளைத் தனியே கூப்பிட்டார். பிழைத்து வருவாளா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்து, முதன்முறையாக அவருக்காகக் கொஞ்சம் இரங்கினாள்.

"அம்மாடி" என்று குரலைத் தாழ்த்தினார். "தெருவுல யாராச்சும் கேட்டா, அத்தைக்கு ரெண்டுன்னு சொல்லிடும்மா."