ஆபத்தான அயல்சனம்

கிளிநொச்சியில் எங்கள் வங்கி கிளை திறந்த அன்று வாசலில் வாழை கட்டி, மேளம் பிடித்து, கடல் கடந்து வந்த பெரியவர்களுக்கு மாலை போட்டோம். பல நாடுகளில் கால் பதித்த வங்கி. வன்னியில் காசு போடவும் பயப்பட மாட்டோம் என்று மேடையில் சொன்னார்கள். கடன் பகுதியில் இருந்த நான் அதை நம்பி, மோட்டார் சைக்கிளில் ஊரூராகத் திரிந்து சொன்னேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்படி நான் பிடித்து வந்தவர்களில் ஓர் அக்கா. கணவர் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டு, நாலு பெண்களை வைத்து மிளகாய்த்தூள் அரைத்து விற்றார். வவுனியாக் கடைக்காரர் ஒருவர் மாதாமாதம் நிறையத் தூள் எடுக்கத் தயாராக இருந்தார். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டும். கடன் கிடைக்காவிட்டால் அந்த வியாபாரம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

இங்கே கடன் கொடுப்பதில் என்ன ஆபத்து என்று பார்க்கத் தலைமையகத்திலிருந்து ஒருவர் வந்தார். அதற்கென்றே சம்பளம் வாங்குபவர். அவரை அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். படலையைத் திறந்தால் முற்றம் நிறையச் சனம். உட்காரப் போட்ட கதிரைகளெல்லாம் அயல்வீடுகளிலிருந்து வந்தவை. ஒருத்தி வடை சுட்டாள், இன்னொருத்தி தேத்தண்ணீர் ஊற்றினாள். மற்றவர்கள் சும்மா குந்தியிருக்க மனமில்லாமல் மிளகாய்க் காம்பு கிள்ளினார்கள், மூட்டை தூக்கினார்கள். முக்கியமான ஆள் வருகிற வீட்டில் அயல் கைகட்டி நிற்குமா? வந்தவர் வடையை ருசித்துச் சாப்பிட்டார். அப்படியே குறிப்பும் எடுத்துக்கொண்டார்.

சில வாரங்களில் பதில் வந்தது. விண்ணப்பத்தில் தொழிலாளர் நாலு பேர். நேரில் பார்த்ததோ பல மடங்கு. ஆகவே ஆட்களை மறைக்கிறார், வருமானத்தையும் மறைக்கிறார், கடன் கொடுப்பது ஆபத்து. அவ்வளவுதான். அவர்கள் அயல்சனம், உதவிக்கு வந்தவர்கள் என்று விளக்கி எழுதினேன். அப்படியானால் சம்பளம் இல்லாமல் ஏன் வேலை செய்தார்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். உலகம் முழுக்கக் கிளை திறக்கத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கவில்லை. மேலாளரிடம் சத்தம் போட்டேன்.

"என்ர கையில ஒண்டும் இல்லை ஐசே," என்று அவர் கணினித் திரையைக் காட்டினார்.

அக்காவிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். யார்மேலோ இருந்த எரிச்சலை அவர்மேல் கொட்டிவிட்டேன்.

"ஏனக்கா அண்டைக்கு அவ்வளவு சனத்தைக் கூப்பிட்டனீங்கள்?"

அவர் நிமிர்ந்து என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"என்ன தம்பி கதைக்கிறியள்? ஒருத்தரும் வராட்டி எனக்கு ஆருமில்லை எண்டெல்லோ அந்த மனுசன் நினைச்சிருக்கும். ஆருமில்லாதவளை நம்பி ஆர் காசு தருவினம்?"