கேட்டுக்கு வெளியே நின்ற கேங்கு

மேனேஜர் சார், நீங்கள் பொய் சொன்னீர்கள். அன்றைக்கு நாங்கள் ஸ்ட்ரைக் பண்ணவில்லை. நான் மயங்கி விழுந்தேன். கூட வந்த பெண்கள் என்னை விட்டுப் போகவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

நான் தங்க வயல்காரி. சுரங்கத்தை மூடிய பிறகு எங்களுக்கு மிஞ்சியது பெங்களூர் ரயில். அப்பாக்கள் தோண்டிய தங்கம் கப்பலேறிச் சீமைக்குப் போனது. மகள்கள் நாங்கள் ரயிலேறி, ஒயிட்ஃபீல்டில் ஒரு சீமைக் கம்பெனியின் கக்கூஸ் கழுவ உங்கள் காண்ட்ராக்டில் போனோம்.

அப்பா காலத்தில், ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் சுரங்கத்திலிருந்து மேலே வந்தவர்கள், தங்கள் கேங்கின் கடைசி ஆள் வரும்வரை ஷாஃப்ட் குழியின் வாயிலேயே நிற்பார்கள். வீட்டில் சோறு ஆறினாலும் நிற்பார்கள். எங்களுக்கும் அதே புத்தி. ரயிலை விட்டு இறங்கினால், எல்லாரும் சேர்ந்த பிறகுதான் நடப்போம். ஊர் வழக்கம் கம்பெனி கேட்டிலும் செல்லும் என்று நினைத்தோம். நாங்கள் செய்த தப்பு அதுதான்.

அன்று காய்ச்சலோடு வந்தேன். பிளாட்பாரத்தில் கண் இருட்டியது. விழித்தபோது எங்கள் கேங்கில் மூத்த அக்காவின் மடியில் என் தலை இருந்தது.

“இன்னாடி, வூட்ல தூங்க எடமில்லன்னு இங்க வந்தியா?”

“நீங்க போங்கக்கா. கேட்ட மூடிடுவாங்க.”

“மூடட்டும். உன்ன இங்க போட்டுட்டு உள்ள போயி இன்னாத்த பெருக்கறது? வாய மூடிக்கினு டீய குடி.”

ஒருத்தி டீ வாங்கி வந்தாள், ஒருத்தி முந்தானையால் விசிறினாள். நான் எழுந்து நடக்கும்வரை ஒருவரும் நகரவில்லை. எல்லாரும் ஒன்றாகத்தான் கேட்டுக்குப் போனோம். அது மூடியிருந்தது.

நீங்கள் வெளியே வந்து, “எல்லாரும் ஒண்ணா லேட்டா? இது ஸ்ட்ரைக்” என்றீர்கள். அக்கா என்னைக் காட்டி நடந்ததைச் சொன்னார். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாடியில் இருக்கிற கம்பெனிக்காரர்களிடமும் அதையே சொல்லி, எங்கள் எல்லாரையும் வேலையை விட்டு நிறுத்தினீர்கள். இப்போது அந்த வட்டாரத்தில் எந்தக் காண்ட்ராக்டரும் எங்களைச் சேர்ப்பதில்லை. ஸ்ட்ரைக் பார்ட்டியாம்.

ஒருத்திகூட என்னைக் குறை சொன்னதில்லை. அக்கா இப்போது ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். என்னைப் பார்க்க வந்தபோது, “நீ வுழுந்தது நல்லதுதான். இந்த வூட்ல காபியாவது குடுக்கறாங்க” என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த உயிருக்கு இத்தனை பேர் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். நான் சாகும்வரை அவர்களுக்குக் கடமைப்பட்டவள்.

நான் மயங்கி விழுந்ததற்கு முந்தின மாதம் லண்டனிலிருந்து வந்த அதிகாரியின் விமானம் தாமதம். ஒரு மாடி முழுக்க அவருக்காக வேலையை விட்டுக் காத்திருந்தது. அவர்கள் குடித்த கப்புகளை நான்தான் கழுவினேன். அதை நீங்கள் ஸ்ட்ரைக் என்று சொல்லவில்லை.

அவருக்காகக் காத்திருந்தால் மரியாதை, எனக்காகக் காத்திருந்தால் ஸ்ட்ரைக். எப்படி சார்? போனில் வேண்டாம், ஆள் விட்டும் சொல்ல வேண்டாம். அதே கேட்டில், ஷிஃப்ட் மாறும் நேரத்தில், எல்லாக் காண்ட்ராக்டர்களும் கேட்க நீங்களே பதில் சொல்லுங்கள்.