கத்தியைப் பார்த்தேன் என்று சொன்ன நாள்

மாரடைப்பு வந்து பிழைத்த என் மாமனாருக்கு, ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் கை நடுங்க ஆரம்பித்தது. அதுவரை தன்னுடைய மடக்குக் கத்தியால் தானே சவரம் செய்துகொண்டவர். பிளாஸ்டிக் ரேசர் போட்டால் கழுத்தெல்லாம் கொப்புளம். அதனால் அந்தக் கத்தியாலேயே ஞாயிறுதோறும் அவருக்குச் சவரம் செய்துவிடும் வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். வேண்டாம், மாத்திரை சாப்பிடுகிறவர் என்றேன். கத்தி வாய் சரியாக இருந்தால் கீறாது என்றார்.

கல்லில் தீட்டிவிட்டு பூதக்கண்ணாடியில் பார்ப்பார். அதில் ஒன்றும் பிடிபடவில்லை. நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன்.

"உன் மைக்ராஸ்கோப்ல வெச்சி பாத்து சொல்லேன். நான் அதுக்கேத்த மாதிரி தீட்டிக்கிறேன்."

துணியில் சுற்றி, கைப்பையில் கொண்டுபோனேன். கீழிருந்து வரும் வெளிச்சத்தில் கத்தி வெறும் கறுப்பாகத்தான் தெரிந்தது. பக்கவாட்டில் செல்போன் டார்ச்சைப் பிடித்ததும் விளிம்பு ரம்பம் மாதிரி தெரிந்தது. அதைச் சொன்னேன். அவர் மறுபடி தீட்டினார். நான்கைந்து வாரம் இப்படியே போனது. சனிக்கிழமை நான் வீடு திரும்பும்போது வாசலிலேயே காத்திருப்பார்.

ஒருநாள் என்னோடு வேலை செய்யும் பெண் பார்த்துவிட்டாள். "இன்னாக்கா, உங்க வீட்ல சவரக்கத்தியும் டெஸ்டுக்கு வருதா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த சனிக்கிழமை பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். ஊருக்குள் பஸ் விடவில்லை. ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் இறங்கி, வேலைக்கு நடந்தே போனேன். பரிசோதனை நிலையத்தில் காய்ச்சல்காரர்கள் கூட்டம் வேறு. கத்தியைப் பையிலிருந்து வெளியே எடுக்கவேயில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அந்தச் சிரிப்புதான் நினைவிலிருந்தது.

"பாத்தியா?" என்றார் வீட்டில்.

"பாத்தேன். நல்லா கீது."

மறுநாள் காலை மாமனாரின் தாடைக்குக் கீழே கத்தி இழுத்துவிட்டது. சின்னக் கீறல்தான். ரத்தம் நிற்கவில்லை. துண்டு நனைந்தது, இன்னொரு துண்டு எடுத்தேன். அரைமணி நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். கணவர் சுவரில் சாய்ந்து நின்றார்.

"என் கைதான் ஆடிப்போச்சி."

"தோலு தொங்குது, நீ இன்னா பண்ணுவ?" என்றார் மாமனார், அசையாமல்.

நான் நனைந்த துண்டை மடித்து மறுபடி அழுத்தினேன்.

திங்கட்கிழமை யாரும் வருவதற்கு முன் போய்க் கத்தியை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நுனிக்குப் பக்கத்தில் வாய் உடைந்து, பிசிறு எழும்பி நின்றது. பார்த்திருந்தால் ஒரே நொடியில் தெரிந்திருக்கும்.

கணவர் அதற்குப் பிறகு கத்தியைத் தொடவில்லை. அப்பாவை ஆட்டோவில் சலூனுக்கு அழைத்துப்போனார். போய் வந்தால் மாமனாருக்கு அன்று முழுக்க மூச்சு வாங்கும். ஒருநாள் வீட்டுக்கு வந்த நாத்தனாரிடம், "எனக்குக் கை நிதானமே இல்ல, பைக் ஓட்டவே பயமாகீது" என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். சாதம் போட்டுக்கொண்டிருந்த நான் கரண்டியை வைத்துவிட்டேன்.

"ஏங்க, அன்னிக்கி நான் கத்திய பாக்கல. பாத்தேன்னு பொய் சொன்னேன். அப்புறம் பாத்தப்ப வாய் உடைஞ்சிருந்தது."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனார்.

மாமனார்தான் பேசினார். "அப்ப இவன் கை நல்லாதான் கீது." அவர் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. நாத்தனார் எதிரில் என்னால் உட்கார முடியவில்லை.

கணவர் என்னைத் திட்டவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. அடுத்த மாதம், செல்போனில் மாட்டுகிற சின்ன மைக்ராஸ்கோப் ஒன்றை வரவழைத்தார். இப்போது ஞாயிறு சவரம் மறுபடி வீட்டில்தான். முந்தின நாள் சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து கத்தியின் விளிம்பைத் திரையில் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். என்னை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. நானும் கேட்டதில்லை.