உயிரோடு இருந்தவனுக்கு வைத்த பேனர்

டோல்கேட் முனையில் என் அண்ணனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தபோது, அவன் ராயபுரத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து ரசம் சோறு தின்றுகொண்டிருந்தான்.

ஒரு காலத்தில் ராக் பாடகன். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிப் பழகி, எலெக்ட்ரிக் கிடாரோடு எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பாட்டுக் கட்டி, காட்டுப்பள்ளி வரை மேடைகளை அதிர வைத்தவன். பிறகு குடி. பாண்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அண்ணியும் போய்விட்டாள். கடைசியில் கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இனிமே ஒரு சொட்டு உள்ள போனாலும் ஆள் இல்லைம்மா" என்றார். தேற்றி வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அதன்பின் அவன் தொடவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வேகம் உண்டு. ஆள் சீரியஸ் என்று கேள்விப்பட்டால் போதும், விசாரிக்கும் முன்பே பேனர் அடித்துவிடுவார்கள். பல வருஷமாக எட்டிப் பார்க்காத ரசிகர்கள் மாலையும் மெழுகுவர்த்தியுமாகக் கூடிவிட்டார்கள்.

"இன்னாமே, போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்று, சேதி கேட்ட அண்ணன் சிரித்தான். வேண்டாமென்று சொல்லச் சொல்லச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அடுப்பை அணைத்துவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

அவனை நேரில் பார்த்ததும் எல்லோரும் வெலவெலத்துப் போனார்கள். அப்புறம் காலில் விழுந்தார்கள், அழுதார்கள். "மன்னிச்சிக்க தல. பொழச்சி வந்துகீற, ஒரு கட்டிங் போடாம எப்டி?" சாவு வீடானாலும் குடி, பிழைத்து வந்தாலும் குடி. வேறு மரியாதை அவர்களுக்குத் தெரியாது. அவன் கையில் திணித்த டம்ளரை நான் பிடுங்கப் போனேன். அண்ணன் பேனரிலிருந்த தன் இளவயசு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத்தினி பேரு எனக்கோசரம் வந்து எவ்ளோ நாளாச்சி தெரியுமாமே" என்றான். குடித்தான். அவர்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை.

பிறகு அங்கேயே நின்று பாடினான். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் அப்படிப் பாடி நான் கேட்டதே இல்லை.

அன்றைக்குத் தொடங்கிய குடி நிற்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் காசிமேட்டுக் கல்லறையில் புதைத்தோம்.

யாரோ போனில் பிடித்த அந்தப் பாட்டுதான் இப்போது எல்லா ஆட்டோவிலும் ஓடுகிறது. புதிதாக பாண்டு ஆரம்பிக்கிறவர்கள் அதைப் பாடித்தான் பழகுகிறார்கள். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஒரு பெண் குரல், "போதும்ண்ணா, வூட்டுக்கு வாண்ணா" என்று கத்தும். அது நான்தான். பாட்டிலேயே அப்படி ஒரு வரி இருப்பதாக நினைத்து, அதையும் சேர்த்துக் கோரஸாகப் பாடுகிறார்கள்.