நூற்றுப் பன்னிரண்டாவது பெட்டி

நம்பினால் நம்புங்கள், இது எனக்கு நடந்தது. பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான். என் பயமெல்லாம் மேனேஜரிடம்தான்.

தொழிற்சாலையின் ரெக்கார்டு ரூமில் எனக்கு வேலை. ஏழு வருடம் தாண்டிய காகிதங்களை மெஷினில் போட்டுக் கிழித்துவிடுவோம். வழக்கில் உள்ள பெட்டிக்கு மட்டும் சிவப்பு ஸ்டிக்கர். அதை அழித்தால் கம்பெனியே கோர்ட்டில் மாட்டும். அழிக்குமுன் இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். நான் பட்டியலில் எண்ணை வாசிப்பேன். கூட வேலை பார்க்கும் அண்ணன் அலமாரிக்குப் பின்னாலிருந்து "சரி" சொல்லிப் பெட்டியைத் தள்ளுவார். எதற்கும் சரிதான், பூம்பூம் மாடு தோற்றுவிடும். அதனால் அவருக்குப் பெயரே 'சரி அண்ணன்'.

அவருடைய ஒரே மகன் அதே தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்துச் செத்தவன். "வால்வு கசியுதுன்னு எழுதிக் குடுத்திருக்கேம்ப்பா" என்று முந்தின நாள் வீட்டில் சொன்னானாம். அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்றது கம்பெனி. அவனுடைய மின்னஞ்சல்களைக் கெடு முடிந்ததென்று அழித்துவிட்டார்கள். அண்ணன் போட்ட வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அந்த ஒரு கடிதத்துக்காகத்தான் அண்ணன் கெஞ்சிக் கூத்தாடி இந்த வேலைக்கு வந்தார்.

அன்று காலை தொண்ணூறு பெட்டி முடித்தோம். பட்டியலில் அதுவரைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பிட வீட்டுக்குப் போனார்.

மணி 3.05. அலமாரிக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"வந்துட்டீங்களாண்ணே?"

"சரி."

இதற்குமா சரி! சிரித்துக்கொண்டே வாசித்தேன். பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன.

ஒன்றை மட்டும் கவனித்தேன். பெட்டிகள்மேல் தூசி அப்படியே இருந்தது... கைத்தடமே இல்லை.

3.40.

"நூத்திப் பன்னெண்டு. கேன்டீன் பில்."

சர்ர்ர்... பெட்டி மட்டும் வந்தது, 'சரி' வரவில்லை.

"அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும்ணே."

"வேணாம்மா..."

அழுகிற குரல். அவர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

எழுந்து போய்ப் பார்த்தேன்.

நாற்காலி காலி.

திரும்பி வந்தேன். பெட்டியின் மூலையில் சிவப்பு ஸ்டிக்கரைக் கிழித்தெடுத்த தடம். திறந்தேன். பில்களுக்கு அடியில் ஒரே ஒரு தாள். 'வால்வு கசிகிறது. சரிசெய்யும்வரை கொதிகலனை ஓட்ட வேண்டாம்.' மகனின் கையெழுத்து. பக்கத்தில், பெற்றுக்கொண்டதற்கான கம்பெனி முத்திரை.

3.52. போன் அடித்தது. அண்ணனின் மனைவி.

"அவரு போயிட்டாரும்மா... ரெண்டே காலுக்கு. சாப்பிட உக்காந்தவரு, அப்படியே..."

கடிதத்தை வக்கீலிடம் கொடுத்தேன். என் வேலை போனது. வழக்கில் அண்ணன் பக்கம் ஜெயித்தது. தீர்ப்பன்று அண்ணி அந்தத் தாளின் நகலை மடியில் வைத்துக்கொண்டு, "இதைப் பாக்காமலே போயிட்டாரே" என்று அழுதார். "பார்த்துட்டார், அண்ணி" என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. இன்றுவரை அது என்னை அறுக்கிறது.

அன்றைய பட்டியலின் நகல் என்னிடம் இருக்கிறது. தொண்ணூற்றொன்று முதல் நான் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை.

நூற்றுப் பதினொன்று வரைக்கும் அவர் கையெழுத்து இருக்கிறது.