ஷிஃப்ட்டுக்குப் போன பேர்

கை துவரம்பருப்பில் இருக்கிறது. முறத்தில் ஒரு பிடி தள்ளிக் கல் பொறுக்குவேன், பக்கத்தில் வைத்திருக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுவேன். அங்கன்வாடி ஆயா வேலை என்றால் பிள்ளைகளுக்குப் பருப்புச் சோறு ஆக்கிப் போடுவது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். ஆனால் ஓட்டுப் பட்டியலுக்கு வீடு வீடாகப் போய் ஆள் சரிபார்ப்பதும் எங்கள் டீச்சர் தலையில் விழும். டீச்சர் தலையில் விழுவதில் பாதி என் தலையில் விழும். உங்களில் யாராவது ஆயாவாகவோ டீச்சராகவோ பட்டியலில் பேரைத் தேடி அலைந்தவராகவோ இருந்தால் நான் சொல்வது புரியும்.

என் பேர் கௌரி. ஜோலார்பேட்டையில் ஏழாவது வரை தமிழில் படித்தேன். கல்யாணமாகித் தெலுங்கு பேசுகிற இந்த மௌலா அலிக்கு வந்தேன். எங்கள் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் அதிகம், சுஜாதா டீச்சருக்கோ தமிழ் தெரியாது. அதனால் அவர் கேட்பதைத் தமிழிலும், வீட்டுக்காரர்கள் சொல்வதைத் தெலுங்கிலும் சொல்ல என்னைக் கூட்டிப்போவார். நாலு பேர் முகம் பார்த்துப் பேசத் தெரியாதவளுக்கு வந்த வேலையைப் பாருங்கள்.

டீச்சர் இப்போது புதுப் பட்டியல் வாங்க ஆபீசுக்குப் போயிருக்கிறார். அதில் தனம் அக்கா பேர் இருந்தால் அவருக்கு இருக்க ஒரு வீடு உண்டு. இல்லாவிட்டால் இல்லை. அந்தப் பேர் போனதற்குக் காரணம் நான்.

வீட்டுப் பேரு

ஃபாரத்தில் 'இன்டி பேரு' என்று ஒரு கட்டம் இருக்கும். தெலுங்குக்காரர்களுக்கு அது குடும்பப் பேர். நமக்கு அப்படி ஒன்று கிடையாது, அப்பா பேரின் முதல் எழுத்தோடு சரி. சேர்ந்த புதிதில் எனக்கு அது எங்கே தெரியும்? இன்டி என்றால் வீடு, அவ்வளவுதான் தெரியும். ரயில்வே ஒர்க்ஷாப்பில் ரிட்டையரான கோவிந்தராஜ் ஐயாவிடம், "உங்க வீட்டுப் பேரு என்னங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் நெளிந்தார். "வீட்டுல எல்லாரும் மொட்டைன்னுவாங்க. அதெல்லாம் எதுக்கும்மா?" என்றார். நான் சொல்ல, டீச்சர் அழகாக எழுதிக்கொண்டார்.

பட்டியல் அச்சாகி வந்தபோது அவர் 'மொட்டை கோவிந்தராஜ்' ஆகியிருந்தார். டீச்சர் எல்லார் முன்னாலும் திட்டியதில் மூன்று நாள் நான் தலை நிமிரவில்லை. இனிமேல் டீச்சர் கேட்டால் ஒழிய வாயே திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கோவிந்தராஜ் ஐயாவுக்கு மட்டும் கோபமே வரவில்லை. "முப்பது வருஷத்துல எங்க மேஸ்திரிகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லம்மா, இப்ப கவர்மென்ட்டு கூப்பிடுது!"

ஷிஃப்ட்டு

தனம் அக்கா வீடு தண்டவாளத்து ஓரக் குடிசை வரிசையில் இருக்கிறது. புருஷன் இல்லை. அப்போது வீட்டில் மாமியார் முனியம்மா, இரண்டு பிள்ளைகள். மாத்திரை பாக்கிங் செய்கிற கம்பெனியில் வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட்டு, ஒரு வாரம் மத்தியான ஷிஃப்ட்டு.

நாங்கள் போனபோது மாமியார்தான் கதவைத் திறந்தார். டீச்சர் பட்டியலைப் பார்த்து, "தனலட்சுமி?" என்றார். "அவ ஷிஃப்ட்டுக்குப் போயிட்டா" என்று மாமியார் தெருப்பக்கம் கையைக் காட்டினார். டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஃபாரத்தில் செத்தவர், வீடு மாறிப் போனவர், ஆள் இல்லாதவர் என்று மூன்று கட்டம் உண்டு. வீடு மாறிப் போனவருக்கு ஆபீஸ் இங்கிலீஷில் 'ஷிஃப்டெட்'. டீச்சர் பேனா அந்தக் கட்டத்தில் இறங்கியதை நான் பார்த்தேன். தப்பு நடக்கிறது என்று தெரிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மொட்டை ஞாபகமும் கூடவே வந்தது. எச்சிலோடு விழுங்கிவிட்டேன்.

தெருமுனை வந்ததும் டீச்சர் குஷியாக என் தோளைத் தட்டினார். "தமிழ் அந்த கஷ்டமேம் காது கௌரி, நுவ்வு செப்பகுண்டானே அர்த்தமயிந்தி!" தமிழ் ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லையாம், நான் சொல்லாமலே புரிந்துவிட்டதாம்.

மிச்ச விரல்

ஓட்டு நாளில் ஸ்கூல் வாசலில் வயசானவர்களுக்கும் கைப்பிள்ளைக்காரிகளுக்கும் தண்ணீர் கொடுப்பது என் வேலை. கதவு பக்கத்திலேயே நிற்பதால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிற ஆறுமுகம் அண்ணன் இடது கையை நீட்டினார். மை வைக்கிற அம்மா, குச்சியைப் பாட்டிலில் முக்கிக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். ஆள்காட்டி விரல் இல்லை. நடுவிரலும் பாதிதான்.

அந்த அம்மா யாரைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பின்னால் வரிசை சத்தம் போட்டது. அண்ணன் மோதிர விரலைத் தனியாகத் தூக்கிக் காட்டினார். "போன தடவ வெச்ச விரலை மெஷின் எடுத்துக்கிச்சும்மா. ஜல்தி இதுல வைங்க, அடுத்த தடவைக்கு எது மிச்சமோ!"

மூஞ்சி

அண்ணனுக்கு அடுத்து நின்றது தனம் அக்கா. மத்தியான ஷிஃப்ட்டுக்குப் போகும் முன்னே போட்டுவிடலாம் என்று தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பட்டியலில் மேலிருந்து கீழ் வரை விரல் ஓட்டிப் பார்த்துவிட்டு, பேர் இல்லை என்றார் அதிகாரி. அக்கா ஓட்டர் கார்டை எடுத்துக் காட்டினார். இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்: கார்டு இருந்தால் மட்டும் போதாது, பட்டியலில் பேர் இருக்க வேண்டும். பேரை எடுக்கப்போகிறோம் என்று முன்னாலேயே நோட்டீஸ் வந்திருக்கிறது. தெலுங்கில் இருந்ததால் மாமியார் அதை மடித்து, ஆடுகிற ஸ்டவ்வுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அக்கா நகரவில்லை. கார்டைத் தன் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். "இது என் மூஞ்சிதானே சார்? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

ஒரு வீடு, ஒரு ஓட்டு

நான்கு மாசம் கழித்துக் குடிசை வரிசையைக் காலி செய்யப்போவதாகப் பேச்சு வந்தது. எந்த ஆபீஸ் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேர் ஓட்டுப் பட்டியலோடு வந்து வீட்டுக்கு எத்தனை ஓட்டு என்று கதவு கதவாகச் சாக்பீசில் நம்பர் போட்டார்கள். பட்டியலில் பேர் உள்ளவர்களுக்கு வேறு இடத்தில் வீடு தருவார்களாம். தனம் அக்கா கதவில் ஒன்று என்று எழுதினார்கள். அந்த ஒன்று முனியம்மா. அவர் இறந்து முப்பதாம் நாள் காரியம்கூட முடிந்திருந்தது.

செத்தவர் பேரை எடுக்கச் சர்டிபிகேட் வேண்டும். அக்கா இன்னும் அதை வாங்கவில்லை. ஷிஃப்ட்டுக்குப் போனவள் பேரை எடுக்க வாய்ச்சொல் போதுமாயிருந்தது. சாக்பீஸ்காரர், பட்டியலில் பேர் உள்ளவர் யாரோ அவர்தான் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அக்கா கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். "எங்க மாமியார் பேருக்கே எழுதிக்குடுங்க. சாவிய நான் சுடுகாட்டுல கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

பக்கத்தில் நின்றவள்

அன்றைக்குச் சாயங்காலம் என் மகள் நித்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பிள்ளை இடுப்பில் இருந்தால் எனக்குப் பேச்சு கொஞ்சம் வரும். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மாமியார் சொன்னது, டீச்சர் டிக் போட்டது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நித்யா நடுவில் "அம்மா, இன்டிக்கி போதாம்" என்று, வீட்டுக்குப் போகலாமென்று என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் அழுதுவிட்டு வந்திருப்பேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "நீ அப்ப பக்கத்துலதானே நின்னே?"

ஆறாம் நம்பர் ஃபாரம்

பட்டியலில் பேர் இல்லாதவர்கள் புதிதாகச் சேர எழுதுவது ஆறாம் நம்பர் ஃபாரம். மறுநாளே டீச்சரிடம் போய், தப்பு உங்களுடையது என்று சொன்னேன். அப்படியே சொல்லவில்லை, 'நம்ம தப்பு' என்றேன். அதற்கே எனக்கு வேர்த்துவிட்டது. டீச்சர் ஃபாரத்தை எடுத்தார். அதில் இருக்கிற இடத்துக்கு அத்தாட்சி கேட்டிருந்தது. கேஸ் புக்கும் கரண்ட் பில்லும் முனியம்மா பேரில். கம்பெனி கொடுத்த அட்டையில் தனலட்சுமி, வங்கிப் புத்தகத்தில் தனலக்ஷ்மி. எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து, மூன்று தடவை அலைந்து கொடுத்தோம். கடைசித் தடவை டீச்சரோடு போன அக்காவிடம் ஃபாரத்தை வாங்கிக்கொண்ட ஆபீஸ்காரர் கேட்டதை டீச்சர் வந்து சொன்னார். "இத்தனை நாள் எங்கம்மா போயிருந்தே?"

சாக்பீஸ் போட்ட வீட்டுக் கணக்கெடுப்புக்காரர்கள் நாளைக்குக் கடைசியாக வருகிறார்கள். அக்கா இன்றைக்குக் காலை ஷிஃப்ட்டு முடிந்து நேரே இங்கேதான் வருவார். வந்ததும் டிபன் பாக்ஸைக்கூடக் கீழே வைக்காமல் கேட்பார். பருப்பு இன்னும் பாதி கிடக்கிறது.

கேட் சத்தம் கேட்கிறது. டீச்சர்தான். உள்ளே வராமல் அங்கிருந்தே கூப்பிடுகிறார். "கௌரீ! ஆரோ நம்பர் ஃபாரம் இங்கொகட்டி பட்டுக்குனி ரா!" ஆறாம் நம்பர் ஃபாரம் இன்னொன்று எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார், அப்படியென்றால் பட்டியலில் அக்கா பேர் வரவில்லை. இதோ போகிறேன், முடிவாக இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்: இந்த நாட்டில் ஓட்டுப் போடப் பதினெட்டு வயசு ஆனால் போதும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், அதோடு கூடப் பக்கத்தில் நிற்கிறவளுக்கு வாயும் இருக்க வேண்டும்.