சாட்டை வேண்டாம், சர்க்கரை போதும்

இன்று கல்கத்தாவின் கார்டன் ரீச் ஆற்றங்கரையில் ஒரு படப்பிடிப்பு. நூறு வருடத்துக்கு முன்பு வெள்ளைக்காரன் இங்கிருந்து கூலிகளைக் கப்பலேற்றித் தீவுக் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பிய கதை. காட்சிக்கான சணல் சாக்கெல்லாம் என் கடைச் சரக்கு.

ஆள்பிடிக்கும் தரகனாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. இயக்குநர், கல்கத்தாவிலேயே வளர்ந்த தமிழ்ப் பையன், என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், வெள்ளைக்காரன் சாட்டையால அடிப்பான். நீங்க கத்தி விரட்டணும். ஆடியன்ஸுக்குக் கோபம் வரணும்."

"எனக்கும் அதான் ஆசை தம்பி. ஆனா ஊர்லயே அடிச்சிருந்தா ஜனம் ஓடிப்போயிருக்கும். இவ்வளவு தூரம் எப்படி வந்துச்சு? இனிக்கப் பேசினதாலதானே?"

"அதைக் காட்டினா வெள்ளைக்காரன் தப்பிச்சிடுவான்."

"நல்லா மாட்டுவான். இனிக்கப் பேசச் சொல்லி எனக்குக் கூலி கொடுக்கறவனே அவன்தானே?"

கத்த மாட்டேன் என்றேன். வேறு ஆள் பார்ப்பேன் என்றார். பாருங்கள், சாக்கும் என்னோடு வண்டியேறும் என்றேன்.

ஒத்திகைக்கு மட்டும் இறங்கி வந்தார்.

மூட்டையோடு நின்ற துணை நடிகையிடம், கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் அதே குரலில், வங்காளியில் கேட்டேன்: "சாப்பிட்டியாம்மா? அங்கே சர்க்கரை சலிக்கிற வேலைதான். நிழல்லயே உட்காரலாம்."

அந்தப் பெண் சிரித்தபடி பலகையேறிக் கப்பலுக்குள் போய்விட்டாள்.

"இதையே எடுக்கறேன். சாட்டை சீனையும் ஒண்ணு எடுத்து வெச்சுக்கறேன் அங்கிள்," என்றார் இயக்குநர், குரல் இறங்கி.

எடுக்கட்டும். நீங்கள் சொல்லுங்கள், உங்களை ஏமாற்றியவன் அதட்டினானா, சாப்பிட்டாயா என்று கேட்டானா?